பதினேழைப் பிடித்தால் பதினெட்டு ஏன் நிற்கிறது

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தண்ணீர் விநியோகப் பட்டியலைப் புதிய முறைக்கு மாற்றுகிறார்களாம். இனி அது ஊர்காவற்றுறை அலுவலகத்துக் கணினிக்குள் இருக்காது, எங்கோ தொலைவில் இருக்கும், கைத்தொலைபேசியிலேயே திறக்கலாம் என்றார்கள். நல்லது. அதற்கு முன் பழைய தரவுத்தளத்தை ஒழுங்குபடுத்துகிறார்கள். அதில் 'பிடித்தவர்' என்ற தலைப்பின் கீழே ஒரு நிரல் இருக்கிறது, அது எதற்கென்று இப்போது இருக்கும் ஒருவருக்கும் தெரியவில்லை, நீக்கிவிடலாமா என்று கேட்டார்கள். தொலைபேசியில் சொல்ல முயன்றேன். ஆறு நிமிடம் பதினைந்து விநாடியில் தொடர்பு அறுந்தது. எழுதி அனுப்பும்படி பிறகு குறுஞ்செய்தி வந்தது. ஆகவே எழுதுகிறேன்.

நான் முப்பத்தேழு வருடமும் ஐந்து மாதமும் அரச சேவையில் இருந்தேன். தட்டச்சுப் பொறியில் தொடங்கினேன். நாற்பத்தாறு வயதில் கொழும்புக்கு அனுப்பிப் பதினொரு நாள் கணினி படிப்பித்தார்கள். வகுப்பில் இருபத்திரண்டு பேர், கணினி ஒன்பது. கையில் மவுஸ் கிடைத்த நேரத்தைவிடப் பேனை இருந்த நேரம் அதிகம். சொன்னதெல்லாவற்றையும் ஒரு சிவப்புக் கொப்பியில் எழுதினேன். நாற்பத்தெட்டுப் பக்கம். அதன் பதினான்காம் பக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தீவுப்பகுதியில் கிணறு இல்லாத வளவு குறைவு. குடிக்கக்கூடிய கிணறும் குறைவு. சோழகக் காற்று எழும்பி மழை மறந்துபோகிற மாதங்களில் நல்ல கிணறுகளும் உவர்த்துவிடும். அப்போது பவுசர் என்கிற தாங்கி லொறியில்தான் தண்ணீர். எங்களிடம் இரண்டு பவுசர், அறுபத்தொரு விநியோக இடங்கள், நான்கு கணினிகள். மூலைக் கணினியில் பொதுவாக வைத்த ஒரு கோப்புறைக்குள் அந்த ஒரே ஒரு தரவுத்தளக் கோப்பு. நான்கு கணினியிலிருந்தும் அதைத் திறக்கலாம். ஓர் இடத்துக்கு ஒரு நிரை, குறுக்காக ஒரு வரி. காலை எட்டேகாலில் இருந்து கிராம அலுவலர்களான விதானைமாரும் சனங்களும் தொலைபேசி எடுப்பார்கள். எங்கே இன்று தேவை, எங்கே தேவையில்லை என்பதை அந்தந்த நிரையில் மாற்றுவோம். ஒன்பதே முக்காலுக்கு நான் பட்டியலை அச்சிடுவேன். அச்சிடும்போது அன்றைய நிரைகள் பழைய பதிவுகளுக்கான அட்டவணையிலும் பிரதியாகும். பத்து மணிக்குப் பவுசர் வெளிக்கிடும். பட்டியலில் இல்லாத இடத்துக்குச் சாரதி போகக்கூடாது. வழிமறித்துச் சண்டை பிடித்தவர்களால் வந்த சட்டம் அது.

பொறுப்பதிகாரியை எல்லோரும் மிஸ் என்றே அழைப்போம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆண்கள் கட்டும் பெரிய மணிக்கூடு கட்டியிருப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஏதாவது பிழை நடந்தால் கதிரையில் இருத்தி, ஒரு பென்சிலைச் சீவத் தொடங்குவார். சீவி முடிக்கும்வரை நாம் சொல்லலாம். முடிந்ததும், "இனி அதையே மூண்டு வசனத்தில சொல்லுங்கோ" என்பார். மூன்று வசனத்துக்குள் மற்றவன் பெயர் வந்தால் கையை உயர்த்தித் தடுப்பார்.

"முதல்ல என்ன நடந்தது. பிறகு எப்ப நடந்தது. ஆர் எண்டது கடைசிக் கேள்வி."

அவரிடம் வேலை செய்த ஒன்பது வருடத்தில் பெரும்பாலான பிழைகள் கடைசிக் கேள்விக்குப் போகாமலே தீர்ந்தன. கேபிளை எலி கடித்தது, மின்சாரம் நின்றது, கோப்பு வீங்கிப் பாரமானது. அவற்றைப் பற்றித் தனித்தனியே எழுதலாம். உங்கள் கேள்விக்கு அவை தேவையில்லை.

தேவையானது கரம்பொன் ஒழுங்கையின் கதை. கரம்பொனில் கடற்பக்கமாகப் போகிற ஒடுங்கிய தெரு அது; இருபத்து மூன்று வீடுகள். அந்த வருடம்தான் அவர்களுடைய பொதுக்கிணறு உவர்த்தது. ஆகவே வெறுமையாகக் கிடந்த ஒரு நிரையில் புதிதாகச் சேர்த்தோம்: நிரை பதினெட்டு. பழைய இடங்களுக்கு நாட்கள் நிரந்தரமாகப் போடப்பட்டிருந்தன. ஒழுங்கைக்கு அப்படியில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் தேவை சொல்லி, நாங்கள் அன்றைக்கென்று பதிய வேண்டும். அந்த வேலை யோகனுடையது. அலுவலகத்தில் மிகவும் பகிடி விடுபவர், தொலைபேசியில் மிகவும் பொறுமைசாலி.

பிரச்சினை ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. யோகன் பதினெட்டைத் திருத்தப் போனால், இந்தப் பதிவை வேறொருவர் பிடித்து வைத்திருக்கிறார், இப்போது மாற்ற ஏலாது என்று ஓர் ஆங்கிலச் செய்தி வரும்.

"அண்ணை, பதினெட்டுக்க ஆர் இருக்கிறியள்?" என்று யோகன் கத்துவார்.

"நான் இல்லை" என்பேன்.

"நானுமில்லை" என்பார் எங்களோடு வேலை செய்யும் தர்சினி.

"அப்ப பேய்தான். பேய்க்கும் தண்ணி விடாய் போல."

சிரித்துவிட்டு விட்டுவிடுவார். பிறகு முயல்வோம் என்று நினைப்பார். அதற்குள் அடுத்த அழைப்பு. அச்சிடும் நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு முன் செய்தி வராமல் நின்றுவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் நினைவு வைத்துப் பதிந்தால் ஒழுங்கைக்குத் தண்ணீர், தொலைபேசியில் அகப்பட்டால் இல்லை. பன்னிரண்டு வேலை நாளில் எட்டு நாள் அந்தச் செய்தி வந்தது. மூன்று நாள் ஒழுங்கை பட்டியலிலேயே இல்லாமல் போனது. இந்தக் கணக்கு என்னிடம் இருப்பதற்குக் காரணம், நான் எல்லாவற்றையும் எழுதி வைப்பவன். எத்தனை மணிக்குச் செய்தி வந்தது, எந்தக் கணினியில், எந்த நிரையில், மின்சாரம் நின்றதா, காற்று எப்படி, எத்தனை பேர் கோப்பைத் திறந்திருந்தார்கள், எல்லாம் எழுதினேன்.

மூன்றாம் தடவை தவறிய நாள் பிற்பகல் பரமேஸ் அக்கா வந்தா. அந்த ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரி. படுக்கையில் கிடக்கும் புருஷனைத் தனியே பார்ப்பவ. கையில் ஒரு நீல வாளி. யாரையும் கேட்காமல் உள்ளே வந்து என் மேசையில், விசைப்பலகைக்குப் பக்கத்தில், அதை வைத்தா.

"தம்பி, எங்கட ஒழுங்கை உங்கட கொம்பியூட்டருக்குள்ள இருக்கோ இல்லையோ?"

"இருக்கக்கா. பதினெட்டாவதா இருக்கு."

"அப்ப ஏன் எங்களை மட்டும் தள்ளுது? புளியங்கூடலுக்கு ஒரு நாள் தவறினதோ? தவறாது. புளியங்கூடல் பிள்ளை இஞ்ச கதிரையில இருக்குதெல்லோ."

தர்சினியின் ஊர் புளியங்கூடல். அவர் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்ததைக் கண்டேன்.

"நான் வாளியைக் கொண்டு போகேல்ல" என்றா பரமேஸ் அக்கா. "இது இஞ்சயே இருக்கட்டும். தண்ணி வரேக்க நீங்களே கொண்டு வந்து தாங்கோ." போய்விட்டா.

அடுத்த நாளும் செய்தி வந்தது, பதியவும் தவறியது. மிஸ் பட்டியலின் அடியில் ஒழுங்கையைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். அதிலும் பிழை நடந்தது. எந்த இடத்தில் எத்தனை லீற்றர் விடுவதென்று பட்டியல்தான் கூட்டிப் பிரிக்கும். கையால் எழுதிய இடம் அந்தக் கூட்டலுக்குள் வராது. பவுசர் ஒழுங்கைக்குப் போய்ச் சேர்ந்தபோது அடியில் கொஞ்சத் தண்ணீர்தான். இருபத்து மூன்று வீட்டுக்கு ஒன்பது வாளித் தண்ணீர். பிற்பகல் பரமேஸ் அக்கா தொலைபேசி எடுத்தா.

"எங்களுக்கு மிச்சம் வேண்டாம் தம்பி. வரிசையில வாற தண்ணி வேணும்."

மிஸ் எங்கள் மூவரையும் அழைத்துப் பென்சிலை எடுத்தார். நான் என் கொப்பியுடன் போனேன். எலி, கேபிள், மின்சாரம் என்று பென்சில் பாதியாகும்வரை சொன்னேன். அதற்குள் நான் கண்டுபிடித்திருந்த ஒன்றையும் சொல்லவேண்டியிருந்தது. தர்சினி காலையில் வந்ததும் பதினேழாம் நிரையை, அதாவது புளியங்கூடலை, திறந்து குறிப்புக் கட்டத்தில் ஒரு புள்ளியை அடித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார். திருத்தத்தில் இருக்கும் நிரையின் தலைப்பில் ஒரு சின்னப் பென்சில் அடையாளம் தோன்றும். அவர் அச்சிட ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் சேமித்து வெளியே வருவார். அவருடைய திரையைக் கடந்து தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன். நான் பார்த்த ஒவ்வொரு நாளும் அதே பென்சில்.

மிஸ் தர்சினியைப் பார்த்தார். "ஏன் பிள்ளை?"

தர்சினிக்கு அழுகை வந்தது. ஆனால் சொல்லத்தான் செய்தார். "போன மாசம் ஆரோ எங்கட ஊரைப் பின்னேரத்துக்கு மாத்தி விட்டிட்டினம் மிஸ். சனம் வெயிலுக்க நிண்டது. அதுக்குப் பிறகுதான் பிடிச்சு வைச்சனான். பவுசர் வாற இடத்தில நாங்கள் விடியவே வாளி வைச்சிட்டுப் போறேல்லையே? வாளி இருந்தா ஒருத்தரும் இடத்தை எடுக்க மாட்டினம். அதைத்தான் இஞ்சயும் செய்தனான். மற்ற ஊரைத் தொடேல்ல. சத்தியமா பதினெட்டைத் தொடேல்ல."

"தொடேல்லத்தான்" என்றார் யோகன் மெதுவாக. "ஊரைப் பின்னேரத்துக்கு மாத்தினது நான். நயினாதீவுத் திருவிழாவுக்குப் பவுசர் போனது. சொல்ல மறந்திட்டன்."

மிஸ் பென்சிலைக் கீழே வைத்தார். "சரி. அவ பிடிச்சது பதினேழு. பதினேழைப் பிடிச்சா பதினெட்டு ஏன் நிக்குது?"

யோகன் என்னைப் பார்த்தார், நான் தர்சினியைப் பார்த்தேன்.

"இன்னொண்டு. அவ ஒவ்வொரு நாளும் பிடிக்கிறா. செய்தி எட்டு நாள்தான் வந்தது எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். வராத நாலு நாளும் என்ன வித்தியாசம்?"

நான் கொப்பியைப் புரட்டினேன். காற்று, மின்சாரம், அழைப்புகளின் எண்ணிக்கை. ஒன்றும் ஒத்துவரவில்லை. இத்தனை எழுதியும் வேண்டியதை எழுதவில்லையே என்று எனக்கு என்மீதே கோபம்.

தர்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கொப்பியை எட்டிப் பார்த்தார். "அந்த நாலு நாளும் எந்தெந்த நாள் ஐயா?"

நான் திகதிகளைச் சொன்னேன்.

"அந்த நாலு நாளும் நீங்கள் பிந்தி வந்தனீங்கள் ஐயா. ரெண்டு நாள் அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனீங்கள். ஒரு நாள் சைக்கிளுக்குக் காத்துப் போனது. மற்ற நாள் விறகு வெட்டுற ஆள் வந்ததெண்டு சொன்னீங்கள். அண்டைக்கெல்லாம் நான்தான் யன்னல் திறந்து, முதல்ல கோப்பைத் திறந்தனான்."

யோகன் சிரிக்கப் போய் மிஸ்ஸைப் பார்த்து அடக்கிக்கொண்டார். நான் ஒருபோதும் ஏழு ஐம்பதுக்குப் பிந்துவதில்லை என்ற பெருமையில் இருந்தவன். மற்ற மூவரின் வரவும் என் கொப்பியில் நிமிடக் கணக்கில் இருந்தது. என் பெயருக்கு நிரல் போட்டிருக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஏழு ஐம்பதுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் இருந்தேன். யோகன் வந்து முதலில் திறந்தார். தர்சினி பதினேழைப் பிடித்தார். யோகன் பதினெட்டைத் திருத்தினார். எந்தத் தடையும் இல்லை. எல்லோரையும் மூடச் சொன்னேன். எல்லோரும் மூடியதும் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பூட்டுக் கோப்பு தானாக மறையும். அது மறையும்வரை பார்த்திருந்தேன். பிறகு நான் முதலில் திறந்தேன். தர்சினி பதினேழைப் பிடித்தார்.

"வந்திட்டுது அண்ணை! பேய் வந்திட்டுது!" என்றார் யோகன்.

மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்று தடவையும் அப்படியே.

பிறகு நான்கு கணினியிலும் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். ஒரு சின்னக் கட்டம். ஒவ்வொரு நிரையையும் தனித்தனியே பூட்டு என்று அதன் பொருள். மூன்று கணினியில் அதில் சரி அடையாளம் இருந்தது. என் கணினியில் இல்லை. அந்த அடையாளம் இல்லாவிட்டால் கோப்பு நிரை நிரையாகப் பூட்டாது. பக்கம் பக்கமாகப் பூட்டும். எங்கள் கோப்பில் ஒரு பக்கத்துக்குள் ஏறத்தாழ எட்டு நிரைகள். பதினேழைப் பிடித்தால் பதினெட்டும் அதோடு சேர்ந்து சிறைப்படும். மற்ற ஆறும் பழைய இடங்கள். அந்த நாட்களில் அவற்றைக் காலையில் திருத்த வேண்டி வரவில்லை, ஆகவே யாருக்கும் தெரியவில்லை. அதைவிடப் பெரிய விசயம் ஒன்று: காலையில் யார் முதலில் கோப்பைத் திறக்கிறாரோ, அவருடைய கணினியின் முறைதான் அன்றைக்கு நால்வருக்கும். முதலில் வருபவன் நான்.

என் கணினியில் அந்த அடையாளம் ஏன் இல்லை? அதற்கு முந்தின மாதம் வன்தட்டுப் பழுதாகி, எல்லாவற்றையும் நானே புதிதாக ஏற்றினேன். ஏற்றியபின் சிவப்புக் கொப்பியைத் திறந்து ஒவ்வொரு குறிப்பாகச் செய்தேன். பதினான்காம் பக்கம், என் சொந்தக் கையெழுத்து, அடிக்கோடு இரண்டு: 'இந்தக் கட்டத்தில் அடையாளத்தை எடுத்துவிடவும். வேகம் கூடும்.' படிப்பித்தவர் பிழையாகச் சொல்லியிருக்க மாட்டார். ஒருவர் மட்டும் வேலை செய்யும் கோப்புக்கென்று சொல்லியிருப்பார். அந்த அரை வசனத்தை நான் எழுதவில்லை.

மிஸ்ஸின் அறைக்குப் போனேன். கதிரையில் இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. பென்சில் எடுக்கமுன் மூன்று வசனத்தில் சொன்னேன்.

"என்ர கணினி முதல்ல திறந்தா கோப்பு பக்கமாப் பூட்டுப்படுது. அந்த அடையாளத்தை எடுத்தது போன மாசம். கடைசிக் கேள்விக்கு விடை, நான்."

மிஸ் பென்சிலை ஓரமாகத் தள்ளி வைத்தார். "போட்டிட்டீங்களோ?"

"போட்டிட்டன் மிஸ். நாலு கணினியிலயும் பார்த்திட்டன். ரெண்டு தரம்."

"அப்ப கேள்வி முடிஞ்சுது. நாளைக்குப் பட்டியல் எத்தினை மணிக்கு?"

"ஒன்பதே முக்கால்."

"போங்கோ."

வெளியே வந்து தர்சினியிடம், "பிள்ளை, பிழை என்ர" என்றேன். இன்னும் இரண்டு வசனம் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. அவர், "வாளியில தூசி பிடிக்குது ஐயா" என்று சொல்லி, பரமேஸ் அக்காவின் வாளியைத் துணியால் துடைத்தார். மேசைக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் அவர்தான் அதைத் துடைத்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் ஒழுங்கை பட்டியலில் இருந்தது. லீற்றர் கூட்டலுக்குள் இருந்தது. நான் மிஸ்ஸிடம் கேட்டு, வாளியோடு பவுசரில் ஏறிப் போனேன். சாரதி வழியெல்லாம் சிரித்தார். "சேருக்கு வீட்டில தண்ணி இல்லையோ?"

ஒழுங்கை வாசலில் வாளிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எண்ணினேன்: இருபத்திரண்டு. பரமேஸ் அக்காவைக் காணவில்லை; புருஷனுக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டிருப்பா என்றார்கள். நீல வாளியைக் கடைசியில் வைத்துவிட்டுப் பூவரச நிழலில் நின்றேன். இருபத்து மூன்று. பவுசர்க் குழாய் திறந்தது. ஒவ்வொருவரும் தன் வாளியை நிரப்பியதும் பின்னால் இருக்கும் வாளிகளைக் காலால் ஓர் அடி முன்னே தள்ளினார்கள். ஆளில்லாத வாளிகளும் நகர்ந்தன. நடுவில் ஒரு மஞ்சள் வாளிக்கு முறை வந்தது, ஆள் இல்லை. பின்னால் நின்ற கிழவர் பேசாமல் அதைக் குழாய்க்குக் கீழே பிடித்து, நிரப்பி, வேலியோரம் வைத்துவிட்டுத் தன் வாளியைப் பிடித்தார்.

"அது ஆருடையது ஐயா?" என்று கேட்டேன்.

"ஆற்றையோ. வரும்" என்றார்.

அந்த வாளி இடத்தைப் பிடித்ததே தவிரக் குழாயைப் பிடிக்கவில்லை. நான் அந்த மர நிழலில் நின்று கொப்பியில் எழுதிய வரி அதுதான். தர்சினிக்குப் பக்கத்தில் நின்று நான் சொல்லத் தெரியாமல் முழுசியது அதுதான். அடையாளத்தைச் சரிசெய்தபின்னும் பதினேழு பிடிபட்டுத்தான் இருக்கும். அந்த ஊரில் ஏதாவது அவசரம் என்றால் அவர் வரும்வரை ஒருவரும் தொட ஏலாது. பிடிக்காதே என்று சொன்னால் மறுபடி யாரோ மாற்றுவார்கள். வேண்டியது கோப்பை நிறுத்தாத ஒரு வாளி.

பரமேஸ் அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தபோது நீல வாளி நிரம்பி வேலியோரம் இருந்தது. குனிந்து பார்த்தா. விரலால் உட்பக்கத்தைத் தேய்த்தா.

"நாலு நாள் கந்தோரில கிடந்த வாளி. ஆர் கழுவினது?"

"புளியங்கூடல் பிள்ளை."

வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு அடி போய்த் திரும்பினா. "அந்தப் பிள்ளையை ஒருக்கா இந்தப் பக்கம் வரச்சொல்லுங்கோ தம்பி. நான் கதைச்சது சரியில்லை."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அட்டவணையில் ஒரு நிரல் சேர்த்தேன். பெயர்: பிடித்தவர். பக்கத்தில் நேரம். ஓர் இடத்தின் முறையை மாற்றக்கூடாதென்று நினைப்பவர் அங்கே தன் பெயரை எழுதிச் சேமித்துவிட்டு வெளியே வரலாம். நிரை திறந்தே இருக்கும். மாற்றவேண்டியவர் அந்தப் பெயரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பார். ஒன்பதரைக்கு அவர் இல்லாவிட்டால் மற்றவர் அவருக்காக நிரப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். மிஸ் மூன்று வசனத்தில் சொல்லச் சொன்னார், இரண்டில் சொன்னேன். அதன்பின் நான் ஓய்வு பெறும்வரை அந்தச் செய்தி பதினெட்டில் வரவில்லை. பரமேஸ் அக்காவின் தொலைபேசி வந்தது; காலை எட்டு இருபதுக்கு, தேவை சொல்ல மட்டும்.

உங்கள் புதிய முறையில் ஒருவரும் நிரையைப் பிடித்து வைத்திருக்க முடியாது என்கிறீர்கள். அப்படியானால் அந்த நிரல் தேவையில்லாமலும் இருக்கலாம். எனக்கு அதில் வருத்தமில்லை. ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீரே வரப்போகிறதாம். அந்த நிரையே தேவையில்லாமல் போகட்டும் என்றுதான் நான் விரும்புகிறேன். நீக்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய பதிவுகளுக்கான அட்டவணையில், அந்த நிரல் சேர்ந்த மறுநாளுக்குப் போங்கள். முதன்முதலாக அதில் பெயர் எழுதப்பட்ட இடம் புளியங்கூடல் இல்லை. நான் அச்சிடும்போது கவனித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தேன்.

நிரை பதினெட்டு, கரம்பொன் ஒழுங்கை. பிடித்தவர்: தர்சினி. நேரம்: எட்டு இருபத்தொன்று.